முதலில் யாருடைய சர்வர்?

பூட்டக்கா வழிக்கு வர வேண்டும், இல்லை வீட்டுக்குப் போக வேண்டும். கூட்டமே அதற்குத்தான்.

வெப்சைட்டுகளுக்குச் சர்வர் வாடகைக்கு விடும் கம்பெனி. புதுச் சர்வர் எதுவானாலும் எல்லாக் கதவையும் சாத்தித்தான் அவள் வெளியே அனுப்புவாள். பாஸ்வேர்டு மட்டும் போதாது. போனுக்கு வரும் எண்ணையும் போட்டால்தான் திறக்கும். அப்படி வந்த பெயர்தான் பூட்டக்கா.

விற்பனையைப் பார்ப்பவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. ஆபீசுக்கே மச்சான்.

வாடிக்கையாளர்கள் கண்டபடி திட்டுகிறார்கள், எதிர்க் கம்பெனியில் திறந்தே தருகிறார்கள், எல்லாரும் அங்கே ஓடுகிறார்கள் என்று முழங்கினார் மச்சான். பூட்டு வேண்டுமென்பவன் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டுமாம்.

"யாரும் கேக்க மாட்டாங்க சார். நாம குடுக்கிறது எப்படியோ, கடைசிவரை அப்படியேதான் வச்சிருப்பாங்க. திருடனுக்கும் அது தெரியும்."

"நீங்க பயந்து சாகறதுக்கு ஊரே ஏம்மா கஷ்டப்படணும்?" என்றார் மச்சான்.

இரண்டு பேர் சிரித்தார்கள்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. நாளை முதல் திறந்தே கொடுப்பது. முடியாதென்றால் வேறு ஆள் பார்ப்பது என்றார்.

அவள் வாதாடவில்லை. எந்த மாற்றத்தையும் முதலில் நம் ஆட்களின் சர்வர் ஒன்றில் போட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். வெளியாள் தலையில் சோதனை கூடாது. லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சரி சார், இப்பவே ஆரம்பிக்கறேன். இவர் வீட்டம்மாவோட துணிக்கடை சைட் நம்மகிட்டதான் இருக்கு. அதுல போடறேன்."

மச்சான் எழுந்தேவிட்டார்.

"அது வேணாம். வேற எதையாவது எடுங்க."

"ஏன் மச்சான்?" என்றார் முதலாளி.

"இல்ல மாமா... வாங்கறவங்க பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் அதுல கிடக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சர்வருக்கு இப்போது என்ன பாதுகாப்பு என்று முதலாளி பூட்டக்காவிடம் கேட்டார்.

"எல்லாருக்கும் போனுக்கு வர்ற நம்பர் ஒரு பூட்டு சார். அதுக்கு மட்டும் ரெண்டு. ரெண்டாவது பூட்டுல, ரெண்டு தரம் தப்பாப் போட்டா நாள் முழுக்கத் திறக்காது. போன மாசம் இவரேதான் வந்து கேட்டுப் போட்டுக்கிட்டாரு."

மச்சான் மேசையைப் பார்த்தார். முதலாளி மச்சானைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நாளையிலேர்ந்து எல்லாருக்கும் ரெண்டாவே போடும்மா. திட்டறவங்களுக்கு மச்சான் பதில் சொல்லிக்குவாரு."