சிரிக்காத அரை மணி நேரம்

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே அண்ணனின் வெள்ளை அணுக்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தன.

ஓரத்தில் ஒரு துளி எண்டார்ஃபின் விட்டேன். வலியைத் தணிக்க உடம்பு தானே சுரந்துகொள்ளும் மருந்து அது. வாய்விட்டுச் சிரித்தாலும் சுரக்கும். நலமாக இருப்பவர்களின் அணுக்கள் அந்தத் துளியை நோக்கித் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மெல்ல நகரும். அந்த ஊர்வலத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையை விடாமல் இருக்கிறேன்.

அண்ணனின் அணுக்கள் நகரவில்லை. ஏற்கெனவே எண்டார்ஃபினில் ஊறிப்போனவை இப்படித்தான் கிறங்கிக் கிடக்கும்.

போன மாதமும் இதே கதைதான்.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நலமான ஒருவரின் ரத்தம் வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கு அவரவர் வீட்டு ஆட்களைத்தான் பிடித்துவருவோம். என்னிடம் மாட்டியவன் அண்ணன். ரத்தம் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சிரிக்கக் கூடாது என்பது விதி. அவனோ வந்ததும் வராததுமாக நர்ஸை வம்புக்கு இழுப்பான். ஊசியைப் பார்த்ததும், என்னை ரத்தக் காட்டேரி என்று அறிமுகப்படுத்துவான். அறையே சிரிக்கும். அவன் ரத்தம் குப்பைக்குப் போகும். நான் காட்டுக் கத்தல் கத்துவேன்.

அதனால்தான் இன்று அவன் எதிரிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தேன். அவன் வாயே திறக்கவில்லை. ஜன்னல் வெயில் அவன் முழங்காலிலிருந்து நழுவித் தரைக்கு இறங்குவதை இருவரும் வேடிக்கை பார்த்தோம். அண்ணனும் நானும் அவ்வளவு நேரம் சண்டை போடாமல் இருந்ததே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மறுபடியும் லென்ஸில் கண்ணை வைத்தேன். அணுக்கள் அப்படியே மிதந்தன.

இன்று அவன் சிரிக்கவே இல்லையே.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

வெளியே, என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகக் காத்திருந்த அண்ணன் பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, வழக்கம்போலப் பல்லைக் காட்டினான்.

"எங்க வலிக்குதுண்ணா?"

பல்லைக் காட்டுவதை நிறுத்தினான். பிறகு என் கையை எடுத்துத் தன் இடது விலாவுக்குக் கீழே வைத்தான். சட்டைக்கு அடியில், சதைக்குள் கெட்டியாக ஏதோ இருந்தது.

"மெதுவா," என்றான். "அண்ணிக்குத் தெரியாது."