பச்சைச் சட்டைக்காரன்

பெரியவர் செருப்பைக் கழற்றும்போதே கொதித்தார். "இதெல்லாம் ஒரு படமா? ஒல்லிக்குச்சி ஒருத்தன் இருபது பேரை அடிக்கிறானாம்!"

"போன வாரப் படத்தையும் இப்படித்தான் திட்டினீங்க" என்றாள் மனைவி.

"அதுல சேத்துலதான் தள்ளினான். இதுல மாடிப்படியில உருட்டி விடுறான்! பச்சைச் சட்டைக்காரன் தலை கைப்பிடிக் கம்பியில இடிச்சுது. கதாநாயகன் சிரிக்கிறான், கேடுகெட்டவன்!"

"சினிமாதானேங்க?"

"படிக்கட்டு நிஜம்தானே?"

மனைவி கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினாள். "சண்டைக் காட்சியில நடிக்கப் போனான்னு மகனைத் துரத்தி ஆறு வருஷமாச்சு. அடி பலமான்னு நீங்களே கேளுங்க."

பெரியவர் முறைத்தார். மறுமுனையில் "அம்மா?" என்ற குரல் கேட்டதும் வெடுக்கென்று பிடுங்கினார்.

"டேய், நம்ம பரம்பரையில எவன்டா அடி வாங்கிட்டுச் சும்மா வந்திருக்கான்? அந்தக் குச்சிக்கு ஒண்ணு திருப்பிப் போட வேண்டியதுதானே!"