பதினோரு மணிக்குள் வெதுவெதுப்பு

பனி படிந்த கண்ணாடிகள் வெயிலில் மினுங்குகின்றன. என்ஜின் ஓடுகிறது. பழைய காருக்குள் மாமனார் தலைகீழாகக் கிடக்கிறார்; தலை டாஷ்போர்டுக்கு அடியில், கால்கள் சீட்டின் முதுகில். ஸ்டீயரிங் முன்னால் மருமகன், மடியில் உள்ளங்கையளவு கம்பளிக் குல்லாய். பதினோரு மணிக்கு மனைவியையும் நான்கு நாள் மகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வரவேண்டும். ஹீட்டர் ஃபேனோ மூச்சே விடவில்லை. மருமகன் மூன்றாவது ஃபியூஸையும் மாற்றிவிட்டுத் தயங்குகிறான். "மாமா, ஃபியூஸ்ல கோளாறு இல்லன்னு முதல்லயே தெரியும். நீங்க சொன்னீங்களேன்னுதான்..." கால்கள் அசைகின்றன. "அட, நான் ஃபியூஸா இருக்குமோன்னு சும்மா கேட்டேன் மாப்பிள்ளை! நீங்க மாத்த மாத்த, உங்களுக்கு ஏதோ தெரியுதுன்னு வாய மூடிக்கிட்டேன்." இருவரும் சிரிக்கிற சிரிப்பில் கார் குலுங்குகிறது. பேட்டரியிலிருந்து இழுத்த இரண்டு ஒயர்களை மாமனார் நேராக மோட்டாரில் தொட, ஃபேன் விர்ரென்று சுழல்கிறது. "மோட்டார் தங்கம்! அதுல சொருகுற பிளக்தான் கருகியிருக்கு." கருகியதை வெட்டி, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுகிறார். "இப்பப் போடுங்க." மருமகன் குமிழைத் திருப்புகிறான். எத்தனை வருடத்துச் சருகுத்தூளோ, காற்றுத் துவாரத்திலிருந்து பறந்து மாமனாரின் மீசையிலெல்லாம் ஒட்டுகிறது. அவர் தும்முகிறார், சிரிக்கிறார், மறுபடியும் தும்முகிறார். தூளுக்குப் பின்னாலேயே வெதுவெதுப்பான காற்று வருகிறது. மருமகன் குல்லாயை அதன் முன்னால் பிடிக்கிறான். உள்ளே ஒரு குட்டித் தலை வந்துவிட்டதுபோல் அது உருண்டு உப்புகிறது.