பல்லக்குப் பாதை

பதுளையில் தாஸிமின் புத்தகக் கடையில் அந்த மாதம் அதிகம் விற்றது 'பல்லக்குப் பாதை'தான். ஊவா மலைப்பாதைகளில் நடந்து திரிந்த ஒருவர் எழுதிய புத்தகம்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஜூட் அட்டையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தான்.

"எடுத்துப் பாருங்க தம்பி," என்றார் தாஸிம். "கல்யாணப் பொண்ணைப் பல்லக்குல தூக்கிட்டுப் போற படம். காலையில வந்த வெள்ளைக்காரங்க ரெண்டு பேர், அதுல நாங்களும் ஏறிப் போகலாமான்னு கேட்டாங்க."

"இதை எழுதினவர் எங்க லயத்து வீட்டுலதான் நாலு நாள் தங்கினாரு முதலாளி. எங்க பாதையோட லட்சணத்தை எழுதினா ரோடு வரும்னு கோழி அடிச்சுச் சோறு போட்டோம்."

"அப்ப படத்துல இருக்கிறவங்களைத் தெரியுமா?"

"முன்னால தூக்கிட்டுப் போறது நான்தான்."

"அட! பொண்ணு உங்க சொந்தமா?"

"என் தங்கச்சி. கல்யாணமும் இல்ல, பல்லக்கும் இல்ல. பிள்ளை வலியில துடிச்சவளைக் கதிரையில உட்கார வச்சு, கம்பு கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பாதி வழியிலேயே போயிட்டா."

புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்த கையைத் தாஸிம் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"படம் ஆடுதுன்னு அந்தாளு ரெண்டு தடவை நிக்கச் சொன்னாரு," என்றான் ஜூட். "ரோடு வருமேன்னு நாங்களும் நின்னோம்."