சுவர்ப் பக்கம்

மூன்றாவது நாளும் அதேதான். மருமகள் ஹஸ்னா வந்து ஸ்டூலில் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் பர்னோவுக்கு வலி வந்துவிட்டது.

ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல அடிவயிறு இறுகியது. சிறுநீர் முட்டியது. செருகியிருந்த குழாயையும் மீறிக் கசிந்து கைலியை நனைத்தது.

புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்து செமாராங் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். குழாய் உள்ளே இருக்கும்வரை அப்படித்தான், மூத்திரப்பை அதை வேற்றாளாக நினைத்து வெளியே தள்ளப் பார்க்கும் என்று நர்ஸ் யாந்தி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

இருக்கட்டும். அது ஏன் மருமகள் வரும்போது மட்டும் தள்ளுகிறது?

கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஹார்யோ, மக்காசார் துறைமுகத்தில் ஒரே மாதப் பழக்கத்தில் கட்டிக்கொண்டு வந்தவள் ஹஸ்னா. மருந்து வைத்து மயக்கிவிட்டாள் என்பது பர்னோவின் தீர்மானம். இரண்டு வருடமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

முதல் நாள், அவள் கொண்டுவந்த புளி மீன் சாற்றின்மேல் சந்தேகப்பட்டார். மறுநாள் அதைத் தொடவில்லை. அப்போதும் வலி வந்தது.

அப்படியானால் சாப்பாட்டில் இல்லை. அவள் பார்வையில் இருக்கிறது.

இன்று பொறுக்கமாட்டாமல் யாந்தியைக் கூப்பிட்டு, மருமகள் காதுபடவே சொல்லிவிட்டார்.

"இவ வந்தாத்தான் வலிக்குது. வெளிய அனுப்பும்மா."

முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

முக்காமல் மெதுவாக மூச்சு விடச் சொன்னாள் யாந்தி. போர்வையை விலக்கினாள். தொடைக்கடியில் கைவிட்டுப் பார்த்தாள்.

"இவங்க வந்தா மட்டும்தான் சுவர்ப் பக்கமா திரும்பிப் படுப்பீங்களாய்யா?"

குழாய் அவர் தொடையின் கீழ் மடங்கி நசுங்கிக் கிடந்தது.

அவரை மல்லாக்கப் படுக்கவைத்து அதை நேராக்கினாள். தேங்கியிருந்த மூத்திரம் இளஞ்சிவப்பாக, கட்டிலில் தொங்கிய பைக்குள் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக வயிறு இளகியது.

ஹஸ்னா வார்டு வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வா, உக்காரு. பாத்துடுவோம்" என்றார் பர்னோ.

அவள் வந்து உட்கார்ந்தாள். மல்லாந்தபடியே அவள் முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி போயிற்று. அரை மணியும் போயிற்று.

வலி வரவில்லை.

அவள் இடது புருவத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும், அதை அவர் இன்றுதான் பார்த்தார்.