கடைசி வரி மட்டும்

திரைக்குப் பின்னால் நின்றவள் கவிதைத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“எத்தனையோ மேடையில கவிதை சொன்ன ஆளு, இன்னிக்கு ஏன் இப்படி நடுங்கறே?” கிடாருக்குச் சுருதி சேர்த்தபடியே அவன் கேட்டான்.

“கடைசி வரியைச் சொல்லிடுவேனான்னு பயமா இருக்கு.”

“ஒத்திகையிலயும் அதை மட்டும் முழுங்கிட்டே. எழுதினியா, இல்லையா?”

“எழுதியாச்சு. வாயில வரமாட்டேங்குது.”

“நீ நின்னுட்டா நான் சமாளிக்கிறேன். வார்த்தை வர்ற வரைக்கும் வாசிச்சுக்கிட்டே இருப்பேன், போதுமா? நாம ஒத்துக்கிட்ட கடைசி நிகழ்ச்சி இது. அப்புறம் நீ யாரோ, நான் யாரோ. சொதப்பிடாதே தாயே!”

அந்த ‘யாரோ’வை அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மேடையில் விளக்கு எரிந்தது. கிடாரோடு இழைந்து ஓடிய கவிதை, கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. சொன்னபடியே அவன் அதே மெட்டைத் திரும்ப வாசித்தான். மறுபடியும் வாசித்தான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

இப்போது விட்டால் இனி எப்போதும் சொல்லப் போவதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடப் போகாதே. பழையபடி நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட வா.”

கிடார் சட்டென்று நின்றது.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஏன்தான் சொன்னோமோ என்றிருந்தது.

எதிரே மைக் இருப்பதையே மறந்து, பின்னாலிருந்து அவள் கணவன் கேட்டான்:

“வீட்டுச் சாவியைத்தான் அன்னிக்கே பிடுங்கிக்கிட்டியே?”