சீனி அன்னம்

“உவன்ர பூட்டன் நிஞ்சா. இன்னுமோ உனக்கு விளங்கேல்ல?” என்றார் வரதராசா, கரண்டிகளைத் துடைத்தபடி.

கிளமென்ற் திரும்பிப் பார்த்தான். டாவோஸ் ஹோட்டல் சமையலறையின் மறுகோடியில், ஜப்பான்காரன் ஒகாத்தா சீனிப்பாகில் வார்த்த அன்னத்துக்குக் கடைசி இறகை ஒட்டிக்கொண்டிருந்தான். மூன்று கிழமை வேலை. மறுநாள் சூரிச்சில் போட்டி. வென்றால்தான் அவனுக்கு நிரந்தர வேலை.

கிளமென்றின் சட்டைப்பையில் காலையில் வந்த கடிதம் கிடந்தது. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பதினான்கு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். அவன் கூப்பிடுவான் என்று மன்னாரில் மனைவி பெர்னடெற் பிள்ளையோடு காத்திருந்தாள்.

விசாரணையில் அவன் மறைத்தது ஒன்றே ஒன்று. சுவிசுக்கு வருமுன் ஜெர்மனியில் இரண்டு வருஷம் இருந்து, அங்கும் மறுக்கப்பட்டவன் அவன். கடிதத்தில் அது, அங்கே அவன் இருந்த தெருவின் பெயரோடு எழுதியிருந்தது.

அதை அவன் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவை. மாசி மாதக் காய்ச்சலில் தன்னை மறந்து கிடந்தபோது, பக்கத்தில் அம்மா இருப்பதாக எண்ணி எல்லாவற்றையும் புலம்பித் தீர்த்திருந்தான். அறையில் கூட இருந்த இருவரும் மாறி மாறிக் கவனித்துக்கொண்டார்கள். அப்போது தங்கும் பெர்மிட் இல்லாமல், போன மாதம்தான் அது கிடைத்த வரதராசா கொத்தமல்லி அவித்துப் பருக்கினார். ஒகாத்தா வாய் திறவாமல் நெற்றியில் ஈரத்துணி மாற்றினான்.

காய்ச்சல் மாறியதும் கிளமென்ற் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினான். துணி மாற்றியவனுக்கு ஒரு நன்றி சொல்ல மறந்துபோனான்.

ஒகாத்தாவின் ஊர் கோகா. அந்தக்கால உளவாளிகளான நிஞ்சாக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் என்று அவனே அரைகுறை ஜெர்மனில் சொல்லியிருந்தான். படத்தில் வருவதுபோலக் கறுப்பு உடுப்பும் முகமூடியும் இல்லையாம். மருந்து விற்பவர்களாக வீடு வீடாகப் போவார்களாம். மருந்து தருபவனிடம் நோயாளி எதையும் மறைக்க மாட்டானாம். சூரிச்சிலிருந்து நிஞ்சா வீடியோக்களை வாடகைக்கு எடுத்துவந்து பார்க்கும் வரதராசா, அன்று அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது அவர் சிரிக்கவில்லை.

“ஒட்டுக் கேக்கிறது உவங்கட பரம்பரைத் தொழில், தம்பி. உன்ர கட்டிலடியில மூண்டு நாளாக் குந்தியிருந்தது ஆர்? யோசிச்சுப் பார்.”

கிளமென்ற் நேரே போய் அன்னத்தைத் தூக்கினான். ஒகாத்தா இரண்டு கைகளையும் நீட்டினான், குழந்தையைத் திருப்பிக் கேட்பவனைப்போல. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கிளமென்ற் அதைத் தரையில் அடித்தான். ஞாயிறு தவறாமல் ஜெபமாலை உருட்டும் கைகள் அவை.

ஒகாத்தா முழந்தாளிட்டுத் துண்டுகளைப் பொறுக்கினான். சீனி கிழித்து விரலில் இரத்தம் வந்தது. ஏன் என்று மட்டும் கேட்டான்.

காய்ச்சலில் தான் உளறியதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, பொலிசில் போய்ச் சொன்னவன் நீதானே என்று கிளமென்ற் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்தினான்.

பின்னால் கரண்டிகளின் சத்தம் நின்றது.

ஒகாத்தா நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

“கிளமென்ற், எனக்குத் தமிழ் தெரியாது.”